விருந்துச் சமையலில் பச்சை இலை: சந்தையிலிருந்து பந்தி முடியும் வரை

கீரை மசியலைச் சாப்பிட்டுப் பந்தியே படுத்துவிட்டது என்று கேள்விப்படுவது அரிது. மல்லிச் சட்டினி, புதினாத் துவையல், நீர்மோர், இறக்கியபின் ரசத்தில் தூவிய தழை ஆகியவற்றில்தான் ஆபத்து அதிகம். விசேஷ வீடுகளின் சமையற்கட்டில் கவனம் இதற்கு நேர்மாறாகச் செல்வதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். நன்றாகக் கொதிக்கப்போகிற தண்டுக்கீரையை மூன்று அண்டாத் தண்ணீரில் அலசுகிறார்கள். பச்சையாக இலையில் விழப்போகிற மல்லித்தழைக் கட்டை ஒரு முக்கு முக்கி, உதறி, நறுக்கிவிடுகிறார்கள்.

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் கல்யாணம், சாந்தி (அறுபது, எண்பது நிறைவு விழா), படைப்பு (முன்னோருக்கான படையல்) என்று நூறு முதல் ஐந்நூறு பேருக்குச் சமைக்கிற வீட்டார், சமையல்காரர்கள், சிறிய மெஸ் நடத்துகிறவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். பல படிகள் வரிசை தவறினால் பயனற்றுப் போகும். காரணத்தை அந்தந்த இடத்திலேயே சொல்லியிருக்கிறேன்.

1. முதல் நாளே எடுத்துவைக்க வேண்டியவை

இலைக்கென்றே மூன்று அண்டாக்கள், ஓட்டையுள்ள கூடைகள், தனிக் கத்தி, தனி அரிவாள்மனை, தனிப் பலகை. ஊசி நீக்கிய 10 மில்லி சிரிஞ்ச் ஒன்று, மருந்துக் கடையில் கிடைக்கும். மூடியில் ஊற்றி அளப்பவர்கள் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் அளவு ஊற்றுகிறார்கள். சிரிஞ்சில் அந்தத் தடுமாற்றம் இல்லை.

சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம் வேண்டும். வீரியம் எத்தனை சதவீதம் என்று புட்டியில் அச்சிட்டிருக்க வேண்டும்; உணவுக்குப் பயன்படுத்தலாம் என்றும் குறித்திருக்க வேண்டும். வாசனை சேர்த்த கழிப்பறை திரவம் ஆகாது. பழைய புட்டியும் ஆகாது, ஏனென்றால் வெயிலிலும் வெப்பத்திலும் குளோரின் தானாகவே குறைந்துவிடும்.

தண்ணீரில் எஞ்சும் குளோரினைப் பார்க்கும் குளோரோஸ்கோப், கைகழுவும் இடத்தில் சோப்பு, மூடியுள்ள சிறிய கண்ணாடிப் புட்டிகள் பத்துப் பன்னிரண்டு, ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள். கடைசி இரண்டும் எதற்கு என்று பின்னால் வரும்.

2. சமையல் பட்டியலில் தீயைக் காணாத இலைகளைப் பிரியுங்கள்

காய்கறிப் பட்டியல் போடுவதற்கு முன்பே சமையல்காரருடன் உட்கார்ந்து, ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதில் சேரும் இலை கொதிக்கிறதா, இல்லையா?

அரைக்கீரை, சிறுகீரை, முருங்கைக்கீரை, மணத்தக்காளிக் கீரை எல்லாம் கொதிப்பவை. தாளிப்பில் பொரியும் கறிவேப்பிலையும் பிழைத்துப்போகும். கொதிக்காத பட்டியல்தான் எதிர்பார்த்ததைவிட நீளமாக வரும். மல்லி, புதினாச் சட்டினி, வெங்காயத் தயிர்ப்பச்சடியில் தூவிய தழை, கோலா உருண்டைத் தட்டைச் சுற்றி வைத்த முட்டைக்கோஸ் துருவல், இஞ்சி கறிவேப்பிலை தட்டிப்போட்ட நீர்மோர், முளைகட்டிய பயறு. பரிமாறும் வாழையிலையும் பச்சை இலைதான் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை.

பிரிப்பதற்கான காரணம் எளிது. இலையில் ஒட்டிவரும் கிருமிகளில் ஈ. கோலையின் சில வகைகள், சால்மோனெல்லா, நோரோ வைரஸ், மஞ்சள்காமாலை தரும் ஹெப்படைடிஸ் ஏ, சைக்ளோஸ்போரா என்னும் ஒட்டுண்ணி ஆகியவை முக்கியமானவை. சரியாகக் கொதிக்கவைத்தால் இவை எல்லாமே சாகும். கழுவினால் எண்ணிக்கை குறையும், அவ்வளவுதான். ஷிகா நச்சைச் சுரக்கும் ஈ. கோலை ஓ157 போன்றவை நூற்றுக்கும் குறைவாக உள்ளே போனாலே நோய் தர வல்லவை என்பதால், ‘பெரும்பாலும் போய்விட்டது’ என்பதை நம்பி இருக்க முடியாது.

ஆகவே பிரித்தவுடன் அடுத்த வேலை, முடிந்தவரை பதார்த்தங்களைத் தீயின் பக்கம் தள்ளுவது. மல்லிச் சட்டினியை வதக்கி அரைத்த துவையலாக்கலாம். ரசத்துக்கு மல்லியை இறக்குவதற்கு முன், நுரைகட்டி ஒரு கொதி வரும்போது போடலாம். “ஐயா, கொதியில் போட்டால் மணம் போய்விடும்” என்று சமையல்காரர் சொல்வார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. அப்படியானால் பாதித் தழையைத் தண்டோடு கொதியில் போடட்டும், மீதியை 5ஆம் படியில் சொல்லும் முறைப்படி கழுவி மேலே தூவட்டும். நீர்மோருக்குக் கறிவேப்பிலையைச் சூடான எண்ணெயில் தாளித்துக் கொட்டினால் குறை சொல்வார் யாருமில்லை.

முளைகட்டிய வெந்தயத்தையும் பயறையும் பந்தியில் பச்சையாக வைப்பதை நான் ஒரேயடியாக வேண்டாம் என்பேன். விதையின் வெடிப்புக்குள் கிருமி ஒளிந்திருந்தால், முளைகட்டும் ஈரமும் கதகதப்பும் அதை வளர்த்துவிடும். 2011இல் ஜெர்மனியில் ஈ. கோலை ஓ104 வகையால் 3,800க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குக் காரணமாகக் கண்டறியப்பட்டது முளைகட்டிய வெந்தயம். விதை எகிப்திலிருந்து வந்திருந்தது. ஆவியில் வேகவைத்துத் தாளித்தால் முளைப்பயறில் பயமில்லை.

3. இலை எங்கே விளைந்தது என்று கேட்டு வாங்குங்கள்

சந்தையில் ‘பசுமையாக இருக்கிறதா’ என்று பார்ப்பதோடு நிறுத்தக் கூடாது. எந்தத் தண்ணீர், என்ன எரு என்ற இரண்டையும் கேளுங்கள்.

தண்ணீர் ஏன் முக்கியம் என்பதற்கு 2018ஆம் ஆண்டு அமெரிக்க நிகழ்வு போதும். அரிசோனா மாநிலத்தின் யூமா பகுதியில் விளைந்த ரோமைன் லெட்டூஸ் கீரையால் 36 மாநிலங்களில் 210 பேர் நோயுற்று, 5 பேர் இறந்தார்கள். அதே ஓ157 கிருமி, பெரிய மாட்டுப் பண்ணை ஒன்றின் அருகே ஓடும் பாசன வாய்க்காலின் தண்ணீரில் கிடைத்தது. மாடு, ஆடு இவற்றின் குடலில் இந்தக் கிருமி வாழும். அவற்றுக்கு நோய் எதுவும் தெரியாது. நம் பக்கத்தில் ஊருணியில் மாடு இறங்குகிறதா, கழிவுநீர் சேரும் கண்மாய்த் தண்ணீர் கீரைப் பாத்திக்குப் பாய்கிறதா என்று கேட்பதற்கு இணையான கேள்விதான் இது.

எரு விஷயம் இன்னும் நுணுக்கமானது. சிவகங்கைச் சீமையில் ஆட்டுக்கிடை போடுவது, அதாவது ஆடுகளை இரவில் வயலிலேயே அடைப்பது, நல்ல வழக்கம், நெல்லுக்கு அருமையான உரம். கீரைக்கு அது உடனே ஒத்துவராது. மண்ணைத் தொட்டு வளர்கிற உண்ணும் பயிருக்குப் பச்சை எரு இட்டால், அறுவடைக்கு முன் 120 நாள் இடைவெளி வேண்டும் என்பது அமெரிக்க இயற்கை வேளாண் விதி. சிறுகீரையும் அரைக்கீரையும் ஒரு மாதத்திலேயே பறிப்புக்கு வந்துவிடும். மல்லித்தழை அதைவிடச் சற்றுத்தான் கூடுதல். கிடை கலைந்த கையோடு விதைத்த கீரை அந்த இடைவெளியை எட்டவே முடியாது. நன்றாகச் சூடேறி மக்கிய எரு என்றால் கவலை குறைவு. விற்பவரிடம் “கிடை எப்போது போட்டது?” என்று கேளுங்கள். தானே பயிரிட்டவருக்கு விடை தெரியும். மொத்தத்தில் வாங்கி விற்பவர் விழிப்பார். அவரிடம் வாங்கினால் கொதிக்கிற பதார்த்தத்துக்கு மட்டும் வையுங்கள்.

கட்டு வாங்கும்போது வேரோடு முழுசாக இருப்பதை எடுங்கள். வெட்டுண்ட இடத்தில் கசியும் சாறு கிருமிக்குத் தீனி. ஆய்ந்து நறுக்கிப் பையில் கட்டிய கீரை வேலையை மிச்சப்படுத்தும், ஆனால் எத்தனை கை பட்டது என்று தெரியாது. ஈரச்சாக்கில் மூடி நாள் முழுவதும் தண்ணீர் தெளித்த கட்டைவிட, காலையில் வந்த சற்று வாடிய கட்டு மேல். தெளித்த தண்ணீர் எந்த வாளியில் இருந்தது என்று பார்த்திருந்தால் இதை நான் சொல்ல வேண்டியதே இல்லை.

இருவரிடம் வாங்கினால் இரு சாக்கில் வையுங்கள். எது யாருடையது என்று எழுதுங்கள். கோழி, ஆட்டுக்கறி வரும் வண்டியில் இலையை ஏற்றாதீர்கள். இடமில்லை என்றால் இலை மேலே, கறி கீழே. தலைகீழாக வைத்தால் கறித்தண்ணீர் இலையில் சொட்டும்.

4. இலைக்கு முன் தண்ணீரைச் சரிசெய்யுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் இந்தப் படியைத் தாண்டிக் கழுவப் போய்விடுகிறார்கள். கடைசியாக அலசும் தண்ணீர் கெட்டிருந்தால் அதுவரை செய்த வேலை எல்லாம் வீண்.

விசேஷ நாளில் வீட்டுக் கிணறு போதாமல் லாரித் தண்ணீர் வரும். அது எங்கே நிரப்பியது என்று யாரும் கேட்பதில்லை. காவிரிக் குடிநீர் குழாயில் சுத்தமாக வந்தாலும், மாதக்கணக்கில் கழுவாத தொட்டியில் இறங்கினால் பயனில்லை. பூட்டிக் கிடந்த பெரிய வீட்டை விசேஷத்துக்காகத் திறக்கும்போது இந்தத் தொட்டிதான் கடைசியாக நினைவுக்கு வரும்.

ஆயிரம் லிட்டர் தொட்டிக்கு, 25 சதவீதக் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 4 கிராமில் தொடங்குங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் சேரும். தூளை நேராகக் கொட்டாமல், ஒரு வாளித் தண்ணீரில் குழைத்து, கசடு அடியில் தங்கியபின் தெளிவை மட்டும் ஊற்றிக் கலக்குங்கள். அரைமணி நேரம் கழித்துக் குளோரோஸ்கோப்பில் பாருங்கள். லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் எஞ்சியிருந்தால் சரி. இல்லையென்றால் தண்ணீரில் இருந்த அழுக்கே குளோரினைத் தின்றுவிட்டது என்று பொருள். இன்னும் கொஞ்சம் சேர்த்து மறுபடி அரைமணி காத்திருங்கள். கலங்கல் தண்ணீரை முதலில் தெளியவிட வேண்டும்.

அரைமணி என்பது பேச்சுக்குச் சொல்வதல்ல. குளோரின் கிருமியைக் கொல்ல அந்த நேரம் தேவை. அதனால்தான் இந்த வேலை, இலை வந்து இறங்குவதற்கு முன்பே தொடங்க வேண்டும்.

5. கழுவுதல்: முதலில் மண், பிறகு மருந்து, கடைசியில் நல்ல தண்ணீர்

தொடங்கும் முன் யார் கை என்று பாருங்கள். முந்தைய இரண்டு நாளில் வயிற்றுப்போக்கோ வாந்தியோ இருந்தவர் இலையைத் தொடக்கூடாது. கூலி போய்விடும் என்று பயந்து மறைப்பார்கள். அன்றைய கூலியைக் கொடுத்துப் பந்தல் வேலைக்கு அனுப்புங்கள், அல்லது ஓய்வாக உட்காரச் சொல்லுங்கள். நோரோ வைரஸ், ஹெப்படைடிஸ் ஏ இரண்டும் பெரும்பாலும் மனிதக் கையாலும் மனிதக் கழிவு கலந்த தண்ணீராலும் வருபவை. தோட்டத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

உலர்ந்த நிலையிலேயே வேரை வெட்டி, அழுகிய, வழவழத்த இலைகளை ஒதுக்கி, உதறுங்கள். நனைத்தபின் உதறினால் மண் ஒட்டிக்கொள்ளும். இலையை இப்போது நறுக்காதீர்கள். நறுக்கியபின் கழுவினால் வெட்டுவாய் வழியே கிருமி உள்ளே போகும். உள்ளே போனதை எந்தத் தண்ணீரும் எடுக்காது.

முதல் அண்டாவில் நிறையத் தண்ணீர் விட்டு, சிறு சிறு கட்டாகப் போட்டு அளையுங்கள். பிறகு இலையைக் கையால் தூக்கி எடுங்கள். அண்டாவைச் சாய்த்துத் தண்ணீரை வடித்தால் அடியில் தங்கிய மண் திரும்ப இலை மேலேயே வந்து உட்காரும். இந்தத் தவறு மிகச் சாதாரணம். அடியில் மணல் தெரியாமல் போகும் வரை தண்ணீரை மாற்றுங்கள்.

மண் முழுக்கப் போனபிறகுதான் குளோரின் அண்டா. மண்ணும் இலைச்சாறும் குளோரினைத் தீர்த்துவிடும் என்பதால் வரிசையை மாற்றினால் வெறும் தண்ணீரில் கழுவியதாகத்தான் முடியும். லிட்டருக்கு 50 மில்லிகிராம் அளவு வேண்டும். 10 லிட்டர் தண்ணீருக்குக் கணக்கு இது: 4 சதவீதத் திரவம் என்றால் 12.5 மில்லி, 5 சதவீதம் என்றால் 10 மில்லி, 10 சதவீதம் என்றால் 5 மில்லி. இலை முழுக்க மூழ்க வேண்டும். ஐந்து நிமிடம் போதும். சில கட்டுகள் ஆனதும் தண்ணீர் பச்சையாகவோ கலங்கலாகவோ மாறினால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். மேலே கொஞ்சம் மருந்து ஊற்றி ஓட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

கடை கடையாக வாங்கியதை எல்லாம் ஒரே அண்டாவில் கொட்டாமல் தனித்தனியாகக் கழுவச் சொல்வதற்கும் காரணம் உண்டு. ஒரு கட்டில் சாணம் ஒட்டியிருந்தால், குளோரின் தீர்ந்துபோன அண்டா அதை மற்ற நாற்பது கட்டுக்கும் பங்கு போட்டுக் கொடுக்கும். அமெரிக்காவில் 2006இல் பையில் அடைத்த பசலைவகைக் கீரையால் 26 மாநிலங்களில் 199 பேர் நோயுற்று 3 பேர் இறந்தார்கள். மூலம் கலிபோர்னியாவில் ஒரு வட்டாரத்து வயல்; அருகில் மேய்ந்த மாட்டின் சாணத்திலும் காட்டுப்பன்றியிடமும் அதே கிருமி கிடைத்தது. அறுவடையான இலை ஒன்றாகச் சேர்ந்து கழுவப்பட்டுப் பைகளில் பிரிந்ததால், ஒரு வயலின் அழுக்கு நாடு முழுவதும் பயணம் போனது.

மூன்றாவது அண்டாவில் 4ஆம் படியில் சரிசெய்த தண்ணீர். ஒரு முறை அலசி, கூடையில் நீர் வடியவிடுங்கள். கூடை தரையில் உட்காரக்கூடாது. செட்டிநாட்டு வீட்டின் கடைசிக் கட்டில் பாத்திரம் தேய்ப்பதும் கோழி உரிப்பதும் அதே தரையில்தான் நடக்கும். மேசை மேல் வையுங்கள். வடிந்தபின் நறுக்குங்கள். கறி வெட்டத் தொடங்குவதற்கு முன்பே இலை வேலை முடிந்துவிட வேண்டும்.

இங்கே வழக்கமாக வரும் சில கேள்விகள். உப்புத் தண்ணீர் புழுவையும் பூச்சியையும் இறக்கும், அதற்கு அது நல்லது, ஈ. கோலையை நம்பிக்கையாகக் கொல்லாது. மஞ்சள்தூளும் புளித்தண்ணீரும் அப்படியே. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைக் கண்திட்டமாகப் போடுகிறார்கள். ஊதா நிறம் வந்தால் அளவு சரி என்று ஆகாது. பாத்திரச் சோப்பு இலைக்குள் ஊறி நின்றுவிடும், கூடவே கூடாது. குளோரின் தண்ணீரில் எலுமிச்சையோ வினிகரோ எந்த அமிலமோ சேர்க்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும்.

இவ்வளவையும் ஒழுங்காகச் செய்தாலும் கிருமியில் பத்தில் ஒன்பது, மிஞ்சினால் நூறில் தொண்ணூற்றொன்பது பங்குதான் போகும். சைக்ளோஸ்போராவைக் குளோரின் கொல்வதே இல்லை. 2ஆம் படியில் பதார்த்தத்தைத் தீயின் பக்கம் தள்ளச் சொன்னது இதனால்தான்.

6. வாழையிலை

தலைவாழை இலைகளை ஓர் ஈரத்துணியால் துடைத்து அடுக்குவது வழக்கம். ஒரே துணி, ஒரே வாளி, முந்நூறு இலை. பத்தாவது இலையிலிருந்து துணிதான் இலையை அழுக்காக்குகிறது. சரிசெய்த தண்ணீரை மேலிருந்து ஊற்றிக் கழுவி, நிறுத்திவைத்து வடியவிடுங்கள்.

பந்தியில் விருந்தினர் இலையில் தெளித்துக்கொள்ளும் தண்ணீரும் குடிக்கும் தரத்தில் இருக்க வேண்டும். அதற்கென்று பின்கட்டுத் தொட்டியிலிருந்து ஒரு குவளை மொண்டு வைக்கிறார்கள். அதைத் தடுக்க ஓர் ஆளை நிறுத்துங்கள்.

7. அரைத்தபின் கடிகாரத்தைப் பாருங்கள்

அரைக்கும்போது ஓர் இலையில் இருந்த கிருமி சட்டினி முழுக்கப் பரவுகிறது, இலைச்சாறும் வெளிவருகிறது. 5 டிகிரி முதல் 60 டிகிரி வரையிலான வெப்பத்தில் கிருமி பெருகும். நம் சித்திரை வெயிலில் சமையற்கட்டு முழுவதும் அந்த எல்லைக்குள்தான். தோதான நிலையில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். விடியற்காலையில் அரைத்து மதியப் பந்தியில் வைக்கும் சட்டினி எத்தனை முறை இரட்டித்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பந்திக்குப் பந்தி அரையுங்கள். அரைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள், அல்லது உடனே குளிர்பெட்டியில் வையுங்கள். முதல் பந்தியில் மிஞ்சியதைப் புதியதோடு கலப்பதுதான் சமையல்காரர்களிடம் நான் ஓயாமல் சண்டை போடும் விஷயம். வீணாகிறதே என்கிறார்கள். கலந்தால் புதியதும் பழையதாகிவிடுகிறது. தயிரின் புளிப்பு காப்பாற்றும் என்பதையும் நம்பாதீர்கள். நீர்மோரில் தண்ணீர் சேரச் சேரப் புளிப்பே இருக்காது. மோரில் போடும் பனிக்கட்டி மீன் பெட்டிக்குப் போகும் பாளமாக இருக்கலாம். குடிநீரில் செய்தது என்று தெரிந்தால் மட்டும் உள்ளே போடுங்கள், இல்லாவிட்டால் குடத்துக்கு வெளியே சுற்றி அடுக்குங்கள்.

8. ஒவ்வொரு பதார்த்தத்திலும் ஒரு கரண்டி எடுத்துவையுங்கள்

புட்டிகள் இதற்குத்தான். கொதிநீரில் போட்டெடுத்த புட்டியில் சுத்தமான கரண்டியால் நூறு கிராம் அளவு எடுத்து, பெயர், நேரம், எந்தப் பந்தி என்று எழுதிக் குளிர்பெட்டியில் மூன்று நாள் வையுங்கள். உறையவிட வேண்டாம். நல்லபடி முடிந்தால் கொட்டிவிடலாம். சட்டினியையும் மோரையும் முதலில் எடுங்கள். எல்லாரும் சாம்பாரையும் பாயசத்தையும் எடுத்துவிட்டுத் துணைப் பதார்த்தத்தை மறந்துவிடுகிறார்கள்.

9. யாருக்காவது வயிறு கெட்டால்

முதல் வேலை சிகிச்சை, விசாரணை பிறகு. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் குறித்த அளவு தண்ணீரில் கலந்து அடிக்கடி கொடுங்கள். மலத்தில் இரத்தம், சிறுநீர் குறைவது, நிற்காத வாந்தி, சோர்ந்து மயங்குவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவமனை, 108ஐ அழையுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகள் என்றால் காத்திருக்கவே வேண்டாம். இரத்தம் கலந்த பேதிக்குக் கடையில் பேதியை நிறுத்தும் மாத்திரையோ ஆன்டிபயாட்டிக்கோ வாங்கிக் கொடுக்காதீர்கள். ஓ157 வகையாக இருந்தால், பேதி தொடங்கி ஒரு வாரமளவில் சிறுநீரகம் கெடும் அபாயம் உண்டு. அந்த மருந்துகள் அதைக் கூட்டக்கூடும்.

அடுத்து, அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கும் சொல்லுங்கள். 104 உதவி எண்ணிலும் கேட்கலாம். வீட்டு மானம் போகும் என்று மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரே கட்டு மல்லி நான்கு வீட்டு விசேஷத்துக்குப் போயிருக்கலாம். உங்கள் தகவல் மற்ற மூன்று வீட்டைக் காப்பாற்றும். அலுவலர்கள் வரும்வரை மிச்ச உணவைக் கொட்டாதீர்கள், கிணற்றிலும் தொட்டியிலும் பிளீச்சிங் பவுடர் போடாதீர்கள். பதற்றத்தில் முதலில் செய்வது இதைத்தான். மாதிரி எடுக்க ஒன்றும் மிஞ்சாது. அதுவரை அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் யாரும் குடிக்க வேண்டாம்.

எப்போது தொடங்கியது என்பது பெரிய துப்பு. சாப்பிட்டு அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி என்றால் வெளியே வைத்திருந்த சோறு, பால் பதார்த்தங்களில் உருவான நச்சைச் சந்தேகிக்கலாம். 12 முதல் 48 மணி நேரம் என்றால் நோரோ வைரஸ். சால்மோனெல்லா பெரும்பாலும் ஆறு மணி முதல் மூன்று நாளுக்குள். ஓ157 மூன்று நான்கு நாள் கழித்து வருவதே வழக்கம். விருந்தினர் சென்னைக்கும் மலேசியாவுக்கும் திரும்பிப் போயிருப்பார்கள். ஹெப்படைடிஸ் ஏ சுமார் நான்கு வாரம் கழித்து வரும், அதற்குள் விசேஷமே மறந்திருக்கும். ஆகவே ‘நேற்றுச் சாப்பிட்ட ஓட்டல்’ மேல் பழிபோடும் முன் நாட்களை எண்ணுங்கள்.

10. நோயுற்றவரை மட்டும் கேட்காதீர்கள்

விசாரிக்கிறவர்கள் படுத்தவர்களிடம் மட்டும் கேட்டு, ‘எல்லாரும் பாயசம் சாப்பிட்டிருக்கிறார்கள், பாயசம்தான்’ என்று முடிவு கட்டுவார்கள். பாயசத்தை விட்டுவைத்தவர் யார்? மொய் நோட்டை எடுத்து, நலமாக இருப்பவர்களையும் கேட்டு, ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் நான்கு எண்களை எழுதுங்கள்: சாப்பிட்டவர், அவர்களில் நோயுற்றவர், சாப்பிடாதவர், அவர்களில் நோயுற்றவர்.

எடுத்துக்காட்டாக 130 பேரில் 45 பேர் நோயுற்றதாக வைத்துக்கொள்வோம். பாயசம் சாப்பிட்ட 100 பேரில் 36 பேர், சாப்பிடாத 30 பேரில் 9 பேர் படுத்தார்கள். 36 சதவீதத்துக்கும் 30 சதவீதத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மல்லிச் சட்டினி சாப்பிட்ட 80 பேரில் 40 பேர், சாப்பிடாத 50 பேரில் 5 பேர். பாதிக்குப் பாதி ஒரு பக்கம், பத்தில் ஒன்று மறுபக்கம். படுத்தவர்களில் 36 பேர் பாயசம் சாப்பிட்டிருந்தும் சந்தேகம் சட்டினியின் மேல்தான் விழ வேண்டும். இறுதி முடிவைச் சுகாதாரத் துறையும் ஆய்வகமும் சொல்லட்டும். இந்தத் தாளை அவர்களிடம் கொடுத்தால் வேலை வெகுவாகக் குறையும்.

கேட்கும்போது நினைவை மட்டும் நம்பாதீர்கள். ஜெர்மனியில் 2011இல் முதலில் வெள்ளரிக்காய் மேல் பழி விழுந்தது. ஸ்பெயின் விவசாயிகள் பெரும் நட்டமடைந்தார்கள். முளை, பதார்த்தத்தின் மேல் அலங்காரமாகத் தூவப்பட்டது என்பதால் நோயுற்றவர்களில் பலருக்கு அதைத் தின்றதே நினைவில் இல்லை. பிறகு உணவகத்தில் யார் என்ன வாங்கினார்கள் என்ற பட்டியலையும், எந்தப் பதார்த்தத்தில் என்ன போட்டார் என்று சமையல்காரர் சொன்னதையும் பொருத்திப் பார்த்துத்தான் முளையைப் பிடித்தார்கள். நீங்களும் “மல்லித்தழை தின்றீர்களா?” என்று விருந்தினரைக் கேட்காமல், எதெதன் மேல் தழை தூவினார் என்று சமையல்காரரிடம் எழுதி வாங்குங்கள். 2ஆம் படியில் போட்ட பட்டியல் கையில் இருந்தால் வேலை பாதி முடிந்தது.

11. மறுபடி சமையலுக்கு இறங்கும் முன்

மாதிரி எடுத்து முடிந்தபின் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, 4ஆம் படியைத் திரும்பச் செய்யுங்கள். பலகை, அரிவாள்மனை, கூடை எல்லாவற்றையும் சோப்பிட்டுத் தேய்த்து, கொதிநீர் ஊற்றி, வெயிலில் காயவையுங்கள். மூங்கில் கூடையின் பின்னலுக்குள் அழுக்கு நிற்கும், சந்தேகமிருந்தால் எரித்துவிடுங்கள்.

நோயுற்ற சமையல் ஆட்கள், பேதியும் வாந்தியும் முழுதாக நின்று 48 மணி நேரம் ஆகும் வரை சமையற்கட்டுக்குள் வரக்கூடாது. மஞ்சள்காமாலையோ, டைபாய்டோ, இரத்தப் பேதியோ இருந்தவர் மருத்துவர் எழுதிக்கொடுத்த பிறகுதான் வர வேண்டும். நலமாகத் தெரிந்தாலும் மலத்தில் கிருமி சில காலம் வந்துகொண்டிருக்கும். முதல் சில வாரம் அவர்களை அடுப்புப் பக்கமும் மூட்டை தூக்கவும் போடுங்கள். மல்லித்தழை ஆய வேறு ஆள் உட்காரட்டும்.